இருபது புள்ளி ஒன்று

அடுத்த மாதம் முதல் இந்தச் செம்பனை எண்ணெய் ஆலையின் வாயு அளக்கும் கருவிகள் உங்கள் பொறுப்பு. கருவிகள் ஐந்து, சார்ஜர்கள் ஐந்து, சோதனை வாயுப் புட்டிகள் இரண்டு, பதிவேடுகள் மூன்று. எண்ணிப் பார்த்து நீங்கள் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள். ஒப்படைப்புப் பட்டியலில் இல்லாத பொருள் ஒன்று மட்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒரு பிஸ்கட் டின். அதற்குள் நான்கு சென்சார்கள். ஒவ்வொன்றும் சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரியது. நான்கும் செத்தவை. செத்ததை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று நேற்று உங்களில் ஒருவர் கேட்டார். சாப்பாட்டு நேரத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. அதனால் எழுதித் தருகிறேன்.

இந்தத் துறையில் அனுபவம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். எனக்கு முப்பத்தொரு வயதுதான். ஆறு வருடம் இங்கே இருந்துவிட்டு, காம்பார் நகரில் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு எடுக்கப் போகிறேன். எந்தப் பட்டனை எத்தனை விநாடி அழுத்த வேண்டும் என்பது கையேட்டில் இருக்கிறது. அதை நான் திரும்ப எழுதப்போவதில்லை. நான் எழுதுவது ஒரே ஒரு புதன்கிழமையைப் பற்றி. அன்று ஒரு மனிதர் ஏணியின் மூன்றாவது படியில் நின்றார். அவர் நான்காவது படியில் கால் வைக்கவில்லை. அது எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது நான் வேலைக்கு வந்து ஒன்றரை வருடம். செம்பனைப் பழத்தை வேகவைத்துப் பிழிந்த பிறகு மிஞ்சும் கழிவுநீர், பின்பக்கக் குளத்தில் புளிக்கிறது. குளத்தின்மேல் போர்த்திய கறுப்பு விரிப்பு வாயுவால் உப்பி நிற்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அந்த வாயு குழாய் வழியே வந்து, அழுகிய முட்டை நாற்றத்தைத் தரும் பகுதி நீக்கப்பட்டு, இயந்திரத்தை ஓட்டி மின்சாரம் தருகிறது. வழியில் குழாய்க்குள் சேரும் தண்ணீரை வடிப்பதற்காக ஒரு குழி இருக்கிறது. நாலு மீட்டர் ஆழம். அதன் வாய் ஒரு சாப்பாட்டு மேசை அளவு. குழிப் பக்கம் வரும் முன்பே வாயுவின் நாற்றம் நீக்கப்பட்டுவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். அங்கே மூக்குக்கு வேலை இல்லை.

அந்தக் குழிக்குள் இறங்கும் இரும்பு ஏணியின் கீழ்ப்பிடிப்பு துருப்பிடித்து ஆடியது. அதை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். செய்ய வேண்டியவர் மரியதாஸ் அண்ணன்.

தாஸ் அண்ணனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். போன வருடம் அவர் சித்தியவான் ஊரில் சொந்தமாகப் பட்டறை போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்போது நாற்பது வயது, இரண்டு பெண் பிள்ளைகள். இந்த ஆலை நிற்கும் நிலம் ரப்பர் தோட்டமாக இருந்தபோது அவருடைய குடும்பம் இங்கேதான் பால் வெட்டியது. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அவர் பேசியதெல்லாம் நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கலைப் பற்றி. புதன், சனி, ஞாயிறு குலுக்கல். அந்த நாட்களில் அவருக்கு எதைப் பார்த்தாலும் நம்பர்தான். லாரியின் எண், கோழிக்கடை ரசீது, யாரோ கனவில் கண்ட வீட்டின் கதவு எண்.

குழிக்கோ தொட்டிக்கோ இறங்கும் முன் நான் கருவியைக் கயிற்றில் கட்டிக் கீழே விடுவேன். மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் இரண்டிரண்டு நிமிடம். அங்கே கண்ட மிகக் குறைந்த எண்ணையும் மிக அதிக எண்ணையும் கருவி திரையில் பிடித்து வைத்திருக்கும். மேலே இழுத்துப் பார்த்துவிட்டு, 'எல்லைக்குள் உள்ளது' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் அனுமதிச் சீட்டு முடிந்தது. குலுக்கல் நாளாக இருந்தால் தாஸ் அண்ணனுக்கு டிக் போதாது.

"நம்பர் சொல்லுங்க தங்கச்சி."

பிராணவாயு 20.9. எரியும் வாயு 0. இரண்டையும் சேர்த்தால் 2090. ஒன்றரை வருடமாக அவர் எடுத்தது அந்த ஒரே நம்பர். ஒருமுறைகூட அது விழவில்லை. எப்போதும் ஒரே எண்ணாக இருக்கும்போது என்னை எதற்குக் கேட்க வேண்டும் என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். எனக்கு ஒவ்வொரு படிவமும் நேரத்தோடு முடிய வேண்டும்.

"2090 வந்தா காத்து நல்லாருக்குன்னு அர்த்தம்லா," என்றார். "அது விழலன்னாலும் நான் மேல வந்துருவேன்ல."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அந்த வாரம் திங்கட்கிழமை பட்டறையில் ஆயுத பூஜை. உங்களுக்கும் தெரியும், அன்று ஸ்பேனர் முதல் பளுதூக்கி வரை எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். தாஸ் அண்ணன் கிறிஸ்துவர். ஆனாலும் தன் வெல்டிங் முகமூடியை சோப்புப் போட்டுக் கழுவி முன்வரிசையில் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் என் கருவிகள் நினைவுக்கு வந்தன. ஐந்தில் ஒன்று பேட்டரி மாற்ற ஈப்போவுக்குப் போயிருந்தது. மீதி நான்கும் எண்ணெயும் தூசியும் படிந்து பார்க்கவே பாவமாக இருந்தன. என் காரில் டேஷ்போர்டு பளபளக்கத் தெளிக்கும் பாலிஷ் இருந்தது. எலுமிச்சை வாசனை. அதை எடுத்து வந்து, நான்கின் மேலும் தாராளமாகத் தெளித்து, மஞ்சள் துணியால் துடைத்தேன். புதிதாக வாங்கியவை போல மின்னின. பக்கவாட்டில் சின்னதாகச் சந்தனப் பொட்டு வைத்து, திரைகள் ஒளிரட்டும் என்று நான்கையும் இயக்கி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினேன்.

சாம்பிராணிப் புகை எழுந்ததும் நான்கும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின. சிவப்பு விளக்கு, அதிர்வு, காதைத் துளைக்கும் சத்தம். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். கருவிகள் அதைக் கண்டுகொண்டன. பூசாரி தீபத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"சாமி வந்துருச்சுலா," என்றார் தாஸ் அண்ணன்.

அன்று மாலை பதிவேட்டில் நான் எழுதிய வரி இன்னும் இருக்கிறது: நான்கு கருவிகளும் அலாரம் தந்தன, சரி. தினமும் காலையில் சோதனை வாயுவை ஊதிக் காட்டி, கருவி கத்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் முந்தைய வெள்ளிக்கிழமையே எங்கள் புட்டி தீர்ந்துவிட்டது. புதியது ஈப்போவில் தயாராக இருந்தது. வியாழக்கிழமை போய் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன். சாம்பிராணிக்குக் கத்திய கருவிகள் வேலை செய்யும் கருவிகள்தானே என்று நினைத்தேன். அளவுத்திருத்தச் சீட்டுகளில் இன்னும் நாலு மாதம் பாக்கி இருந்தது.

செவ்வாய்க்கிழமை வாயுக் குழாயின் வால்வை அடைத்துப் பூட்டினோம். தாஸ் அண்ணன் அளவெடுக்கக் குழிக்குள் இறங்கினார். நான் கருவியை விட்டுப் பார்த்தேன், அலாரம் இல்லை, டிக் போட்டேன். நாற்பது நிமிடத்தில் அவர் மேலே வந்துவிட்டார்.

புதன்கிழமை காலை ஊதுவிசிறி வைத்துக் குழிக்குள் அரை மணி நேரம் காற்றடித்தோம். பிறகு விசிறியை அணைத்துவிட்டு எல்லோரும் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது மணி பதினொன்று இருக்கும். வெல்டிங் கேபிள் ஏற்கெனவே கீழே தொங்கியது. குழி வாயில் காவல் நிற்கும் அஸ்மி, மீட்புக் கயிற்றை தாஸ் அண்ணனின் முதுகுப் பட்டையில் மாட்டினார். நான் கருவியை இறக்கி, காத்திருந்து, மேலே இழுத்தேன். அலாரம் இல்லை. எல்லா எண்ணும் எல்லைக்குள். டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அவர் ஏணியில் இறங்கத் தொடங்கினார். இரண்டாவது படி, மூன்றாவது படி. தலையும் தோளும் மட்டும் வெளியே தெரியும்போது நின்றார்.

"நம்பர் சொல்லல நீங்க. இன்னைக்கு புதன்."

படிவத்தைப் புரட்டிக்கொண்டே, திரையைப் பார்த்துச் சொன்னேன். "எரிவாயு ஜீரோ. பிராணவாயு இருபது புள்ளி ஒண்ணு."

"ஒண்ணா?" அவருக்கு உண்மையிலேயே ஏமாற்றம். "நம்ம நம்பர யாரு மாத்துனது?"

எனக்கு அப்போதுதான் என் குரல் காதில் விழுந்தது.

இருபது புள்ளி ஒன்று என்பது தவறான எண் இல்லை. பத்தொன்பதரைக்குக் கீழே போனால்தான் கருவி கத்தும். நான் அதைக் கண்ணால் பார்த்தேன், எல்லைக்குள் என்று மூளை சொன்னது, கை டிக் போட்டது. வாயால் சொன்னபோதுதான் அது வேறு ஓர் எண் என்று தெரிந்தது. ஒன்றரை வருடமாக நான் சொல்லியிராத எண்.

"மேல வாங்கண்ணே," என்றேன்.

"என்னாச்சு?"

"தெரியல. மேல வாங்க."

அஸ்மி கேள்வி கேட்காமல் போய் வெல்டிங் இயந்திரத்தை அணைத்தார். அந்த உறுமல் நின்றதும் எவ்வளவு அமைதி என்று தோன்றியது. நான் கீழே உட்கார்ந்து அனுமதிச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை உங்களுக்கும் எழுதுகிறேன்; கையேட்டில் அது கடைசிப் பக்கங்களில் எங்கோ இருக்கிறது.

காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் பிராணவாயு. வேறொரு வாயு உள்ளே வந்தால் அது பிராணவாயுவை மட்டும் தேடித் தள்ளாது, காற்று முழுவதையும் தள்ளும். ஆகவே பிராணவாயுவில் ஒரு பங்கு குறைந்திருந்தால் வேறு ஏதோ ஐந்து பங்கு வந்திருக்கிறது. எங்கள் குழியில் 0.8 குறைந்திருந்தது. நூற்றுக்கு நாலு பங்கு, வேறு ஏதோ. நம்முடைய குளத்து வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். காற்றில் மீத்தேன் ஐந்து பங்கு சேர்ந்தால் ஒரு பொறி போதும்; அந்த ஐந்து பங்கைத்தான் கருவி நூறு என்று காட்டும். அப்படியானால் கருவியின் எரிவாயுக் கட்டம் ஏறக்குறைய பாதி வழிக்கு வந்திருக்க வேண்டும். அது பூஜ்யம் காட்டியது.

ஒரே திரையில் இரண்டு எண்கள். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. எது பொய் என்று எனக்குத் தெரியாது.

மேலாளர் வந்தார். அவர் யாழ்ப்பாணத் தமிழர் குடும்பம், மூன்று தலைமுறையாக ஈப்போ. குரலை உயர்த்தாத மனிதர். பிற்பகல் மூன்று மணிக்கு இயந்திரம் ஓட வேண்டும். குளத்தின் விரிப்பு ஏற்கெனவே உப்பி முட்டிக்கொண்டு நின்றது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மற்ற மூன்று கருவிகளையும் இறக்கிப் பார்க்கச் சொன்னார். சரியான யோசனை. இறக்கினேன். மூன்றிலும் எரிவாயு பூஜ்யம். பிராணவாயு 20.1, 20.0, 20.1.

"பிள்ளை, நாலு மெஷினும் ஒண்டைத்தானே சொல்லுது," என்றார். "எல்லாம் எல்லைக்குள்ளதான் நிக்குது. ஈரக் குழி. நீராவி நிண்டாலும் இப்பிடிக் குறையும்."

அது அறிவில்லாத பேச்சு இல்லை என்பதைக் கவனியுங்கள். வெப்பமான ஈரக் குழியில் நீராவியும் காற்றைத் தள்ளும். அவர் சொன்னது நடக்கக்கூடியது. என்னிடம் அதை மறுக்க எதுவும் இல்லை. நான்கு சாட்சிகள் ஒரே மாதிரி சொல்கிறார்கள். எதிர்த்து நிற்பது ஒரு தசம எண்.

"நாலும் ஒண்ணா சொல்றது இன்னொண்ணும் இருக்கு சார்," என்றேன். "உள்ள ஏதோ வந்திருக்குன்னும் நாலும் சொல்லுது."

"நீராவி எண்டா?"

"நீராவின்னா ரெண்டு மணி நேரம் வீணாப் போகும்."

 தாஸ் அண்ணன் எங்கள் இருவருக்கும் நடுவில், முதுகுப் பட்டையைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

மேலாளர் குழியை எட்டிப் பார்த்தார். பிறகு, நிறுத்துவதற்கான காரணத்தை எழுதித் தரச் சொன்னார். நான் எழுதினேன்: பிராணவாயு குறைந்ததற்குக் காரணம் தெரியவில்லை, தெரியும்வரை யாரும் இறங்கக் கூடாது. கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் தாளை வாங்கிப் படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என் பெயருக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

"பிழையெண்டா என்ர பேரிலயும் இருக்கட்டும்," என்றார். அதோடு வேலிப் பக்கம் போய்த் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கினார்.

ஈப்போவின் குனோங் ராபாட் பகுதியில், சுண்ணாம்புக் குன்றின் அடியில் இருக்கிறது எங்கள் கருவிகளைப் பழுது பார்க்கும் கடை. அங்கே புஷ்பா வேலை பார்க்கிறாள். என்னைவிட மூன்று வயது இளையவள். ஐந்தாவது கருவியும் புதிய வாயுப் புட்டியும் அவளிடம் இருந்தன. போன் செய்து, இரண்டும் உடனே வேண்டும் என்றேன். மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரமாவது ஆகும் என்றாள்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். பட்டியல் போட்டேன். இடது பக்கம் எனக்குத் தெரிந்தவை, வலது பக்கம் தெரியாதவை. வால்வு பூட்டியிருக்கிறது என்று தெரியும்; அது கசியாமல் அடைத்திருக்கிறதா என்று தெரியாது. கார்பன் மோனாக்சைடுக்குக் கருவிகள் கத்தும் என்று தெரியும். எழுதிக்கொண்டே வந்த கை அங்கே நின்றது. ஒரு கருவிக்குள் நான்கு சென்சார்கள் இருக்கின்றன. சாம்பிராணிக்குக் கத்தியது அவற்றில் ஒன்று. எரிவாயுவுக்கான சென்சார் அன்று வாயே திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையும் அங்கே இல்லை. ஒன்று உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, நான்கும் உயிரோடு இருப்பதாக எழுதி வைத்திருந்தேன்.

தாஸ் அண்ணன் செம்பனை நிழலில் உட்கார்ந்து மனைவியிடம் போனில் பேசினார். சின்ன மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வர முடியாது என்று சொன்னார். ஏன் என்று கேட்டிருப்பார் போல. "காத்து சரியில்ல," என்றார். அங்கிருந்து ஏதோ சொல்லப்பட்டது. "சிரிக்காத, நெசமாத்தான்லா."

பிறகு என்னைப் பார்த்து, "ஒண்ணும் இல்லன்னு ஆச்சுன்னா உங்க பேரு கெட்டுப்போகும் தங்கச்சி," என்றார்.

"ஆகட்டும்ணே."

"எனக்கும் நம்பர் போச்சு. ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு."

புஷ்பா வந்தபோது மணி பன்னிரண்டரை. முதுகுப் பையில் கருவி, கைப்பிடியில் கட்டிய சாக்குப் பையில் புட்டி. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "என்னக்கா, நாலும் ஒண்ணா சேந்து சதி பண்ணுதாம்?" என்று கேட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான். பதற்றமான இடத்தில் அவளை நிறுத்தினால் இடம் பதறுவதை விட்டுவிடும்.

முதலில் ஐந்தாவது கருவிக்குச் சோதனை வாயு ஊதினோம். உடனே கத்தியது. அது நிஜமான கருவி. தெளிந்த காற்றில் நிறுத்தி, அது பூஜ்யத்துக்கு வந்ததும் கயிற்றில் கட்டினேன். மேலாளர் வந்து பக்கத்தில் நின்றார். குழியின் வாயைத் தாண்டி ஒரு கை நீளம் இறக்கியிருப்பேன். கீழே இருட்டுக்குள்ளிருந்து அது கத்தியது. நான் இறக்குவதை நிறுத்தவில்லை. இறங்க இறங்க அது கத்திக்கொண்டே போனது. குழியின் சுவர்கள் அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கி எங்களிடம் திருப்பி அனுப்பின. அஸ்மி எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லி மலாயில் சத்தம் போட்டார்.

மேலே இழுத்துத் திரையைப் பார்த்தேன். எரிவாயு நாற்பத்தாறு. என் தாளில் இருந்த கணக்கு ஏறக்குறைய அதே இடத்தைச் சொல்லியிருந்தது. தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத, வாசனை இல்லாத ஒன்று குழிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அது தன்னைக் காட்டிக்கொள்ள விட்ட ஒரே தடம், தனக்கு இடம் கொடுத்து விலகிய பிராணவாயு. 0.8. நாங்கள் காத்திருந்த நேரத்திலும் அது ஏறிக்கொண்டே இருந்திருக்கும். வால்வு கசிந்தது என்று பிறகு கண்டுபிடித்தோம்.

அதற்குப் பிறகு புஷ்பா என் நான்கு கருவிகளையும் மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றாகச் சோதனை வாயு ஊதினாள். அந்தப் புட்டியில் இருக்கும் வாயு கருவியைக் கட்டாயம் அலற வைக்கும் அளவு. பூஜ்யம். அடுத்தது பூஜ்யம். நான்கும் வாயுவில் குளித்துக்கொண்டு, பச்சை விளக்கு மினுக்க, எதுவும் இல்லை என்றன. ஒன்று கெட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். நான்கும் ஒன்றுபோல் அமைதியாக இருந்தபோது எனக்கு வந்தது கோபம் இல்லை. கோயிலில் திரை விலகும்போது வாயடைத்து நிற்போமே, அந்த நிலையில்தான் நின்றேன். பயம் அதற்குள்ளேதான் இருந்தது.

புஷ்பா ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டு போனாள். "என்னக்கா இது, கார் டேஷ்போர்டு வாசன வருது?"

அந்த எலுமிச்சை வாசனை எனக்கும் அப்போதுதான் எட்டியது.

எரிவாயுச் சென்சாருக்குள் ஜவ்வரிசியைவிடச் சின்னதாக ஒரு மணி இருக்கிறது. கருவி இயங்கும் நேரம் முழுவதும் அது சூடாக இருக்கும். வாயு வந்து பட்டால் அந்த மணியின்மேல் எரியும். எரியும் சூட்டை அளந்துதான் கருவி நமக்கு எண் சொல்கிறது. ஒரு குழியே வெடிக்கக்கூடிய தீயை, நமக்காக முன்கூட்டியே, கண்ணுக்குத் தெரியாத அளவில் அது எரித்துப் பார்த்துவிடுகிறது. இதை நான் படித்துத் தேர்வு எழுதித் தேறியவள். ஆனால் அன்றுதான் அதை நம்பினேன். பாலிஷில் சிலிகோன் இருக்கிறது. அதன் ஆவி அந்தச் சூடான மணியில் பட்டு எரிந்து, கண்ணாடி போன்ற ஒரு தோலாகப் படிந்துவிடும். அதற்குப் பிறகு மணி சூடாகவே இருக்கும், வாயு வரும், தோலுக்கு வெளியே நின்றுவிடும். கருவி பூஜ்யம் என்னும். அதைப் பொறுத்தவரை அது உண்மை. அதனிடம் எதுவும் வந்து சேரவில்லை. தெளித்த ஈரம் காயும் முன்பே நான்கையும் இயக்கி சரஸ்வதி முன் நிறுத்தியவள் நான். கும்பிட்டுக்கொண்டே அவற்றின் கண்களைக் கட்டியிருக்கிறேன்.

தாஸ் அண்ணனிடம் நானே சொன்னேன். யாரும் சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தேன். என் பாலிஷ், என் கை, பதிவேட்டில் என் வரி என்று வரிசையாகச் சொன்னேன். அவர் முதுகுப் பட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சாமிக்குத்தானே செஞ்சீங்க," என்றார். குழிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். 

"இன்னைக்கு 2010 எடுக்கலியாண்ணே?" என்று கேட்டேன்.

"வேணாம்லா," என்றார். "அது அடிச்சிருச்சு."

வால்வை மாற்றி, குழாய்க்கு இரும்புத் தகட்டால் அடைப்புப் போட்டு, ஒரு நாள் முழுக்கக் காற்றடித்த பிறகு, வெள்ளிக்கிழமை அவர் அந்தக் குழிக்குள் இறங்கி வேலையை முடித்தார். வெள்ளிக்கிழமை குலுக்கல் கிடையாது. ஆனாலும் மூன்றாவது படியில் நின்றார். நான் சத்தமாகச் சொன்னேன். இருபது புள்ளி ஒன்பது. அவர் இறங்கினார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது என் கோப்பில் இருக்கிறது. வேண்டுமானால் படித்துப் பாருங்கள், அதில் உள்ளதெல்லாம் உண்மை. நீங்கள் இப்போது பயன்படுத்தும் அனுமதிச் சீட்டில் டிக் போடும் கட்டம் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எண் எழுதும் கட்டங்கள் மட்டும்தான். கீழே ஒரு வரி: இறங்குபவருக்கு எண்களைச் சத்தமாகச் சொல்லவும், அவர் திருப்பிச் சொல்லவும். அந்த வரியை வேறு ஆலைகளிலிருந்து வந்து பார்த்தவர்கள் நல்ல முறை என்று பாராட்டியிருக்கிறார்கள். எந்தப் புத்தகத்தில் எடுத்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். ஆயுத பூஜைக்குக் கருவிகள் இப்போதும் போகின்றன. பெட்டிக்குள் மூடிய நிலையில் போகின்றன, பொட்டு பெட்டிமேல். சோதனைப் புட்டி எப்போதும் இரண்டு. ஒன்று தீர்ந்தால் அன்றைக்கு யாரும் இறங்குவதில்லை.

ஆனால் அன்று செத்த அந்த நான்கு எரிவாயுச் சென்சார்களையும் பிஸ்கட் டின்னில் நான் வைத்திருப்பது இதற்காக மட்டும் இல்லை.

அந்தப் புதன்கிழமை மாலை, எல்லோரும் போன பிறகு, அறிக்கை எழுதுவதற்காக அந்த வாரத்துச் சீட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கினேன். புதன்கிழமைச் சீட்டின் பின்பக்கம் என் கணக்கு இருந்தது. அதற்கு அடியில் செவ்வாய்க்கிழமைச் சீட்டு. வால்வை நாங்கள் அடைத்தது செவ்வாய்க்கிழமை காலை. கசிவு எப்போது தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அன்று கருவிகள் நான்கும் ஏற்கெனவே குருடு. தாஸ் அண்ணன் அளவு நாடாவும் சாக்பீஸும் டார்ச் விளக்கும் எடுத்துக்கொண்டு நாற்பது நிமிடம் அந்தக் குழியின் அடியில் இருந்தார். இரும்பை இரும்பால் தட்டிப் பார்த்தார். அந்தச் சத்தம் மேலே எனக்குக் கேட்டது.

அப்போது பிராணவாயு எத்தனை இருந்தது என்று தேடினேன். திரையில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கண்களால்தான் பார்த்தேன். 20.9 ஆக இருந்திருக்கலாம். 20.3 ஆக இருந்திருக்கலாம். எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. இன்றும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை குலுக்கல் கிடையாது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தில் என் கையால் போட்ட ஒரு டிக் இருக்கிறது.